டீச்சர், ஒரு சந்தேகம்: மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன்

சென்ற முறை வாசிப்புப் பழக்கம் பற்றி எழுதியபோது, “கதையைப் பிள்ளையே சொல்லட்டும், படத்தையும் பிள்ளையே போடட்டும்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கேரள எல்லையோரத்துச் செங்கோட்டை வட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 32 வருடம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளோடு இருந்தவள் நான். அங்கே பார்த்ததையும் செய்ததையும் வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

என்னிடம் ஒன்றும் இரண்டும் சேர்த்து 24 பிள்ளைகள். படம் போடச் சொன்னால் எல்லாரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம். கதை எழுதச் சொன்னால் காக்கா நரி, இல்லாவிட்டால் முயல் ஆமை. இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லையா? எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, புளியரை

கற்பனை இருக்கிறதம்மா. அந்த இரண்டு மலையும் சூரியனும் பிள்ளையின் படமே இல்லை, அண்ணனின் நோட்டிலிருந்து தம்பிக்கு இறங்கி வந்தது. அண்ணனுக்கு அது கரும்பலகையிலிருந்து வந்தது. கரும்பலகையில் போட்டது நம்மைப் போன்ற ஒருவர்தான்.

எனக்கும் உங்கள் வயதில் இதே கவலை இருந்தது. ஒருநாள் சாயங்காலம் பள்ளி விடப்போகிற நேரத்தில், படத் தாளைக் கையில் கொடுத்து எல்லாரையும் மைதானத்தில் மேற்கே பார்த்து நிற்கவைத்தேன். நம் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குமே தவிர மலையிலிருந்து உதிக்காது. ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் மலைக்கு நடுவில் சூரியனைப் போட்டு, “சூரியன் உதிக்கிறது” என்று கீழே எழுதியிருந்தார்கள். தினமும் பார்க்கிற மலை. ஆனாலும் கை போட்டது வேறு யாரோ பார்த்த மலையை.

“உங்க படத்துல சூரியன் வருதா, போகுதா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன், “எங்க ஊர்ல மலையில இருந்துதான் டீச்சர் வரும்” என்றான். அவன் அப்பா பிரானூரில் மரம் அறுக்கும் மில்லுக்கு வேலைக்கு வந்தவர், அதுவரை அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற புனலூரில் இருந்தார்கள். புனலூரிலிருந்து பார்த்தால் மலை கிழக்கே. அவன் சொன்னது சரி. மற்றப் பிள்ளைகள் விடவில்லை. “பொய் சொல்லுதான் டீச்சர், மலையில எப்படி வரும்? அங்கதான் போவும்” என்று ஒரே சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாள் தரையில் மணலைக் குவித்து மலையாக்கி, இந்தப் பக்கம் செங்கோட்டை, அந்தப் பக்கம் புனலூர் என்று குச்சி நட்டோம். சூரியனுக்கு ஒரு எலுமிச்சம்பழம். அதை மலைக்கு மேலே நகர்த்தி அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கியதும் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: “சூரியனும் எங்க அப்பா மாதிரி கேரளாவுக்கு வேலைக்குப் போவுது.”

அவள் படத்துக்குக் கீழே அந்த வரியை, அவள் சொன்ன அதே வார்த்தையில் எழுதிக்கொடுத்தேன். அதன் பிறகு அந்த வகுப்பில் மலை படம் போட்டால் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்தே வந்தது. சுமைதூக்குகிற அப்பா, வைக்கோல் லாரி, கோட்டைவாசல் கருப்பசாமி, செக்போஸ்டில் நிற்கிற போலீஸ் என்று ஆளுக்கொன்று.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான். கரும்பலகையில் மாதிரிப் படம் போடாதீர்கள். பிள்ளை மலையும் வீடுமாகவே போட்டாலும் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இது எந்த ஊர் மலை? வீட்டுக்குள்ள இப்ப யாரு இருக்கா? கதவு ஏன் சாத்தியிருக்கு?” என்று கேளுங்கள். பதில் வரும், அந்தப் பதில்தான் கதை. முதலில் படம், பிறகு பேச்சு, கடைசியில் எழுத்து. இந்த வரிசையை மாற்றி எழுத்தை முன்னால் வைத்தால், எழுதத் தெரிந்த நாலு பேர் மட்டும் கதை சொல்வார்கள். மற்றவர்கள் அவர்கள் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்.

காக்கா நரியும் மோசமில்லை. அதைச் சொல்லட்டும், முடிந்ததும் “வடை போனபிறகு அந்தப் பாட்டி என்ன செஞ்சா?” என்று கேளுங்கள். ஊரில் எந்தக் கதையிலும் பாட்டியைப் பற்றி யாரும் அக்கறைப்படுவதில்லை. பிள்ளைகள் படுவார்கள்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. இத்தாலியில் குழந்தைகளுக்காக எழுதிய ஜியானி ரோதாரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்தால் கதை தானாகக் கிளம்பும் என்று சொல்லி, நாய், அலமாரி என்ற இரண்டை எடுத்துக்காட்டினார். நான் அதை நம் வேற்றுமை உருபுகளோடு செய்தேன். பிள்ளைகள் கொடுத்த சொற்கள் புலியும் புரோட்டாவும். எங்கள் ஊர் பார்டர் புரோட்டாக் கடையைத் தெரியாத பிள்ளை கிடையாது. புலிக்குப் புரோட்டா என்றால் ஒரு கதை. புலியின் புரோட்டா என்றால் வேறு கதை, அதை யாரோ திருடியிருக்க வேண்டும். புரோட்டாவுக்குள் புலி என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. உருபு ஒன்று மாறினால் கதை மாறும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வேற்றுமை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

நாங்கள் தென்மலையில் இருக்கிறோம். மகள் மலையாளப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழில் கதை எழுதினால் பாதி மலையாளம் கலந்துவிடுகிறது. உடனே திருத்தாவிட்டால் இரண்டு மொழியும் கெட்டுப்போகும் என்கிறார் என் மாமியார். திருத்தவா, விடவா?
– ஒரு தாய், தென்மலை

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்ற மலையாள மாநிலத்தில் இருந்த ஊர்தான். இந்த மலையின் இரண்டு பக்கமும் பேச்சு கலந்துதான் கிடக்கிறது, அதனால் யார் மொழியும் கெட்டுப்போகவில்லை.

என் வகுப்பில் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் குழந்தை யானைக் கதை சொன்னாள். “யானைக்குத் தாகமா இருந்துச்சி. அது வெள்ளம் குடிச்சுச்சி.” மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நம் பிள்ளைகளுக்கோ வெள்ளம் என்றால் மழையில் ஆறு பெருகி வருவது. “வெள்ளத்தையா குடிச்சிச்சி?” என்று வகுப்பு வாயைப் பிளந்தது. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பையன் தாளை எடுத்து, ஊருக்குள் வந்த வெள்ளம் முழுவதையும் தும்பிக்கையால் உறிஞ்சி ஊரைக் காப்பாற்றுகிற யானையை வரைய ஆரம்பித்துவிட்டான். வயிறு தாளை விட்டு வெளியே போனது, பக்கத்துத் தாளை ஒட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண்ணும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வயிற்றுக்குள் மீன் போட்டாள். அன்றைக்கு நான் “தண்ணீர்னு சொல்லணும்” என்று சொல்லியிருந்தால் அந்த யானை கிடைத்திருக்காது. அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு முறை “கிளி சம்சாரிச்சது” என்று ஒரு கதை வந்தது. அவள் சொன்னது கிளி பேசியது என்று. நம் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி அல்லவா, பிள்ளைகள் கிளி உழப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. கதையை முழுதாகக் கேளுங்கள், எழுதியதை அப்படியே வைத்திருங்கள். வேறொரு நாள், “இந்த வார்த்தை உன் ஸ்கூல்ல இது, ஆச்சி வீட்டுல இது” என்று இரண்டு பக்கமும் எழுதி ஒரு சின்ன அகராதி தொடங்குங்கள். பட்டி என்று இந்தப் பக்கம் எழுதி ஊரும், அந்தப் பக்கம் எழுதி நாயும் வரையச் சொல்லுங்கள், அவளுக்கே பிடித்துப்போகும். எந்த வார்த்தை எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று தெரிந்த பிள்ளை, வேண்டும்போது சரியான வார்த்தையை எடுத்துக்கொள்ளும்.

எழுத்துப் பிழையைத் திருத்தாமல் விட்டால் பழகிவிடாதா? எங்கள் வகுப்பில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பாடமே நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இதில் கதைக்கு எங்கே நேரம்?
– ஆசிரியர், கடையநல்லூர்

இதற்குப் பதில் சொல்லும்போது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். அவன் முதல்முறையாகத் தானே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தான். ஆறு வரி, அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது பற்றி. நான் சிவப்பு மையால் பதினோரு இடத்தில் சுழித்தேன். ற, ர, ல, ள எல்லாம் சரிசெய்து கொடுத்தேன். குட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருடம் முழுவதும் அவன் கதை எழுதவில்லை. கேட்டால், “தெரியாது டீச்சர்” என்பான். அந்த நோட்டு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு கதை நோட்டில் நான் சிவப்பு மை தொட்டதில்லை.

அதற்காகப் பிழை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பிழை திருத்த ஒரு நேரம், கதைக்கு ஒரு நேரம். அந்த வாரக் கதைகளில் எந்தப் பிழை நிறைய வந்திருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல், வெள்ளிக்கிழமை கரும்பலகையில் பேசுவேன். “மழைக்கு எந்த ழ?” என்று ஒரு வாரம், “கறி, கரி” என்று ஒரு வாரம். கதை சுவரில் ஏறுவதற்கு முன்னால் பிள்ளையே ஒருமுறை படித்துத் தனக்குத் தெரிந்ததைத் திருத்தும். அது போதும். ஆறு வயதில் “யான” என்று எழுதுகிற குழந்தை, தான் கேட்ட ஒலியைச் சரியாகப் பிடித்து எழுதியிருக்கிறது. பேச்சில் யாரும் யானை என்று இழுத்துச் சொல்வதில்லையே.

நேரம் பற்றி. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தபோது நான் ஓய்வு பெறப்போகிற கட்டத்தில் இருந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்து வைத்திருக்கிறீர்களே, அதுவே கதைக்கு வசதி. அரும்பு நிலைக் குழந்தை படம் போட்டுச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். மொட்டு நிலையில் நீங்கள் எழுதியதற்குக் கீழே ஒரு சொல்லை அதுவே எழுதட்டும். மலர் நிலைக் குழந்தை தானே எழுதிப் பக்கத்துக் குழந்தைக்குப் படித்துக்காட்டட்டும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம். தான் சொன்ன வாக்கியத்தைப் படிக்கிற குழந்தை எழுத்துக்கூட்டித் திணறுவதில்லை, அடுத்த சொல் என்ன என்று அதற்குத்தான் தெரியுமே. வாசிப்புப் பாடமும் இதிலேயே நடந்துவிடும்.

என் மகனுக்கு நாலு வயது. மனிதனை வரைந்தால் தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கிறது. உடம்பே இல்லை. கையும் காதிலிருந்து வருகிறது. அதோடு எல்லாவற்றையும் கறுப்பில் போடுகிறான். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு தந்தை, பிரானூர்

வேண்டாம் தம்பி. மூன்று, நான்கு வயதில் உலகம் முழுக்கக் குழந்தைகள் இப்படித்தான் மனிதனை வரைகிறார்கள். பெரிய வட்டம், அதற்குள் கண்ணும் வாயும், அதிலிருந்து இரண்டு கால். தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். குழந்தைக்கு உடம்பு தெரியாமல் இல்லை. தொப்புள் எங்கே என்று கேளுங்கள், கால்களுக்கு நடுவில் வெற்றிடத்தில் ஒரு புள்ளி வைப்பான். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு வரும், அதுதான் தரை. எல்லாரும் அந்தக் கோட்டில் நிற்பார்கள். மேலே ஒரு நீலக் கோடு, அது வானம். நடுவில் உள்ளதெல்லாம் காற்று. வீட்டுச் சுவர் வழியாக உள்ளே இருக்கிற அடுப்பு தெரியும், அம்மா வயிற்றில் தம்பிப் பாப்பா தெரியும். தெரிந்ததை வரைகிற வயது அது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவது எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் மெல்ல வரும். அப்போதுதான் நிறையப் பிள்ளைகள் “எனக்கு வரைய வராது” என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கவலைப்படுவதாக இருந்தால் அந்த வயதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கறுப்பு நன்றாகத் தெரிகிற நிறம், அவ்வளவுதான். கிரையான் பெட்டியில் மற்றதெல்லாம் உடைந்துபோயிருக்கலாம். ஒரு நிறத்தை வைத்தோ ஒரு படத்தை வைத்தோ குழந்தையின் மனதைப் படித்துவிட முடியாது. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாமே திடீரென்று மாறினால்தான் பார்க்க வேண்டும். இப்போது உடம்பை நீங்கள் வரைந்து காட்டாதீர்கள். “இவர் எங்க நடந்து போறாரு?” என்று மட்டும் கேளுங்கள்.

வண்ணத்துக்கும் தாளுக்கும் பள்ளியில் பணம் இல்லை. நானே எவ்வளவு வாங்கிப் போடுவது?
– ஆசிரியை, அச்சன்புதூர்

உங்கள் கைக்காசு போடாதீர்கள், நான் போட்டு வீட்டில் பேச்சு வாங்கினேன். தாளுக்குக் காலண்டர் இருக்கிறது. ஜனவரியில் ஊரில் நாலு கடைக்குச் சொல்லிவைத்தால் போன வருடத்து மாதக் காலண்டர் எல்லாம் வந்துசேரும், பின்பக்கம் வெள்ளை. வண்ணத்துக்கு அடுப்புக்கரி, செம்மண், மஞ்சள் தூள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், அதை நீங்களே கலந்து கொடுங்கள், பிள்ளைகள் கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிடக் கூடாது. தேக்கங்கொழுந்து கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொல்லுங்கள், பச்சை இலையிலிருந்து ரத்தம் மாதிரிச் சிவப்பு வரும். அதை முதல்முறை பார்க்கிற குழந்தையின் முகத்துக்காகவே ஒரு வகுப்பை ஒதுக்கலாம்.

பிரானூர் மில்களில் மரத்தூள் கேட்டால் சாக்கில் அள்ளிக் கொடுப்பார்கள். சிராய் இல்லாமல் சலித்து, சாயம் கலந்து நிழலில் உலர்த்தி, பசை தடவிய படத்தில் தூவலாம். மைதாவைக் காய்ச்சினால் பசை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சேர்க்கிற மயில்துத்தம் மட்டும் கூடாது, அது விஷம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருந்தால் சலிப்பதை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம், ஊசி நூல் வேண்டாம். தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் விழும். இப்போது நீளம் பாதியாகும்படி ஒருமுறை மடித்து, மடிந்த ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். தாளை நீளவாட்டில் மடித்து இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம். அட்டைக்கு ஒரு பக்கம், பின்னட்டைக்கு ஒரு பக்கம், உள்ளே ஆறு பக்கம். ஆறு வயதுக் குழந்தையின் கதைக்கு ஆறு பக்கம் தாராளம். முன்னட்டையில் ஆசிரியர் பெயரை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

செயல்வழிக் கற்றல் நடந்த காலத்துக் கம்பிப்பந்தல் உங்கள் வகுப்பில் இன்னும் இருந்தால் கழற்றிவிடாதீர்கள், பிள்ளைகளின் படங்களை அதில் தொங்கவிடலாம். சுவரின் அடியில் பிள்ளைகளுக்காக அடித்த கரும்பலகையும் இருக்குமே. அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தால் குறுக்கே நில்லுங்கள்.

ஒரு குழந்தை வகுப்பில் பேசுவதே இல்லை. படம் போடுகிறாள். கதை என்னவென்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.
– ஆசிரியை, வடகரை

கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சிகாகோவில் பாலர் வகுப்பு நடத்திய விவியன் பேலி என்ற ஆசிரியை ஒரு முறையைக் கைக்கொண்டார். குழந்தை கதை சொல்லும், ஆசிரியை சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பு வட்டமாக உட்கார, அந்தக் கதையைப் பிள்ளைகளே நடிப்பார்கள். எந்த வேடம் தனக்கு வேண்டும் என்று கதை சொன்ன குழந்தை தேர்ந்தெடுக்கும். இதில் பேசாத குழந்தைக்கும் இடம் உண்டு. மரமாக நிற்கலாம், மழையாகக் கையை ஆட்டலாம்.

என்னிடம் இப்படி ஒரு பெண் இருந்தாள். ஜூன் முதல் தீபாவளி வரை அடுத்தவர் கதைகளில் மரமாகவே நின்றாள். ஒருநாள் தன் தாளை என் மடியில் வைத்து, படத்தில் இருந்த கோழியைத் தொட்டு, “இது” என்றாள். நான் “இது” என்று எழுதினேன். வட்டத்தின் நடுவில் நின்று அவளுடைய கதையை, “இது” என்ற ஒரே சொல்லை, படித்தேன். அவள் கோழியாக நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை, எப்போது சிரிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்த வாரம் கதை, “இது முட்ட போடும்.”

எழுதும்போது நீங்கள் எதையும் சேர்க்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். “ஒரு ஊரில்” என்று நீங்களாக ஆரம்பித்துக் கொடுக்காதீர்கள்.

கதை எழுதுதலுக்கும் ஓவியத்துக்கும் மதிப்பெண் எப்படிப் போடுவது? போட்டி நடத்திப் பரிசு கொடுத்தால் ஊக்கம் வருமே?
– தலைமையாசிரியர், இலஞ்சி

ஐயா, ஏழு வயது வரை இரண்டும் வேண்டாம். முதல் பரிசு வாங்கிய படத்தை அடுத்த வருடம் இருபது பேர் வரைவார்கள், இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் அப்படித்தான் பிறந்தது. தேதி போட்டு எல்லாத் தாளையும் ஒரு பையில் சேர்த்துவையுங்கள். ஜூன் மாதத் தாளையும் மார்ச் மாதத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பெற்றோரிடம் காட்டுங்கள். ஊக்கப்படுத்த வேண்டும் என்றால், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்குப் பிறகு ஒரு குழந்தையின் கதையை நீங்களே வாசியுங்கள்.

ஒரு பையன் போட்ட படத்தில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார். கீழே தானே எழுதியும் இருக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர், ஊர் வேண்டாம் என்று ஓர் ஆசிரியை

நல்லவேளை எழுதினீர்கள். அந்தத் தாளைத் தொங்கவிடாதீர்கள், வகுப்பில் வாசிக்காதீர்கள், கிழிக்கவும் கிழிக்காதீர்கள். “இப்படியெல்லாம் வரையக் கூடாது” என்ற ஒரு சொல் உங்கள் வாயில் வந்துவிடவே கூடாது. உங்களை நம்பி அவன் கொண்டுவந்த தாள் அது.

மற்றப் பிள்ளைகள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “இதப் பத்திச் சொல்லணும்னா சொல்லு, நான் கேக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அடித்தது யார், எத்தனை முறை என்று விசாரணை செய்யாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உனக்கு உதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். தேதியோடு, அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதிவைத்துத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். அப்பாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அன்றைக்கு ராத்திரி அடி அவனுக்குத்தான் விழும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, ஆசிரியரும் கூப்பிடலாம். அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

மறுநாள் அவன் வேறு என்ன வரைந்தாலும், கார் வரைந்தாலும், அதையும் அதே அக்கறையோடு பாருங்கள். அந்தப் படத்துக்காக மட்டும்தான் டீச்சர் பக்கத்தில் வந்தார் என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது.

உங்கள் மாணவர்களின் கதைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்களா? ஒன்றையாவது படிக்கத் தருவீர்களா?
– வாசகர், ஆரியங்காவு

இரண்டு தகரப்பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையே தருகிறேன்.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலைக்குள் போகிற ரயில் பாதை 1904-இல் வந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் நிறுத்தினார்கள், 2018-இல்தான் முழுவதும் திறந்தார்கள். நடுவில் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் அந்தப் பாதையில் ரயிலைப் பார்த்ததே இல்லை. தண்டவாளம் எடுத்த இடத்தில் ஆடு மேய்ந்ததைத்தான் பார்த்தார்கள். ஆனால் பகவதிபுரத்துப் பிள்ளைகள் ரயிலை வரைந்துகொண்டே இருந்தார்கள். வீட்டில் தாத்தாக்கள் சொன்ன ரயில். குகை, பதிமூன்று கண் பாலம், புகை எல்லாம் அதில் இருந்தன. இந்தக் கதை 2014 ஜூலையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் சொன்னது. நல்ல சாரல் நேரம். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படத்தில் ரயிலின் முன்பாதி நீலம், பின்பாதி மஞ்சள்.

“ஒரு ரயிலு இருந்துச்சி. அது மலைக்குள்ள போச்சி. உள்ள ஒரே இருட்டு. ரயிலு பயந்து கண்ண மூடிக்கிச்சி. தாத்தா, பயப்படாதல, நான் இருக்கேம்லா அப்படின்னாரு. வெளிய வந்தா ஆரியங்காவு. அங்க மழ. வாலு இன்னும் செங்கோட்டையிலயே இருக்கு. அங்க வெயிலு. ரயிலு பாதி நனையுது, பாதி காயிது. தாத்தா தலையில துண்டு போட்டுக்கிட்டாரு. நான் போடல.”